மிளகு 100, ஏலக்காய் 25

கம்பத்திலிருந்து புறப்படும் பஸ் கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்துக் கம்பம்மெட்டு செக்போஸ்ட்டில் மூச்சு வாங்கும்போது தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கியிருக்கும். கடைப் பலகைகளில் எழுத்து மாறும்; டீக்கடைப் பேச்சு அவ்வளவாக மாறாது. தமிழில் ஆரம்பித்த வாக்கியம் மலையாளத்தில் முடிவதும், மலையாளத்தில் கேட்ட கேள்விக்குத் தமிழில் பதில் வருவதும் இங்கே சகஜம். நெடுங்கண்டம், வண்டன்மேடு, கட்டப்பனை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏலத்தோட்டம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மலைவீடுகளில் மாலைப்பொழுது நீண்டுவிடும். கரண்ட் போகும், டிவி அணையும், சீட்டுக்கட்டு வெளியே வரும்.

சீட்டு என்றாலே காசு என்று பயப்பட வேண்டியதில்லை. கேரளத்தில் வீட்டுத் திண்ணைகளிலும் கிளப்புகளிலும் தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கும் இருபத்தெட்டு, ஐம்பத்தாறு ஆகிய ஆட்டங்கள் பெரும்பாலும் புள்ளிக்காகவே ஆடப்படுபவை. இருபத்தெட்டில் ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் தலா 1. நான்கு இனத்துக்கும் கூட்டினால் 28. ஏழுக்குக் கீழே உள்ள சீட்டுகளுக்கு ஆட்டத்தில் இடமில்லை. ஆனால் அவற்றைத் தூக்கிப் போடுவதும் இல்லை. அணிக்கொரு சிவப்பு ஆறும் கறுப்பு ஆறுமாக இரண்டு அணியும் எடுத்துக்கொள்ளும். ஜெயித்தால் சிவப்பு ஆறில் ஒரு புள்ளியைத் திறந்து காட்டுவார்கள், தோற்றால் கறுப்பில். எத்தனை புள்ளி வெளியே தெரிகிறதோ அதுதான் கணக்கு. பேனாவும் வேண்டாம், பேப்பரும் வேண்டாம்.

ஐம்பத்தாறு இன்னும் பெரிய ஆட்டம். இரண்டு கட்டிலிருந்து 48 சீட்டு, ஆறு பேர், மும்மூன்று பேராக இரண்டு அணி. இதற்குச் சீட்டுப் புள்ளி போதாது, காய் வேண்டும். பரவலான முறைப்படி ஒவ்வோர் அணியும் 12 காயோடு உட்காரும். 28 முதல் 39 வரை கேட்டு ஜெயித்தால் எதிரணியிடமிருந்து ஒரு காய் கிடைக்கும். தோற்றால் இரண்டு கொடுக்க வேண்டும். 56 என்று கேட்டுவிட்டுக் கோட்டைவிட்டால் ஐந்து காய் போய்விடும். காயெல்லாம் கரைந்து வெறுங்கையான அணிக்குக் காத்திருப்பது குணுக்கு. பலா இலையோ, வெள்ளைக்காய் எனப்படும் தென்னம்பிஞ்சோ, கையில் அகப்பட்டதைக் காதில் தொங்கவிட்டுக்கொண்டுதான் அடுத்த ஆட்டம் ஆட வேண்டும். தாத்தாவானாலும் பேரனானாலும் தப்ப முடியாது.

இந்தக் காய்களுக்குக் கடையில் தனிச் சரக்கு கிடையாது. புளியங்கொட்டை, மஞ்சாடி விதை, சட்டைப் பொத்தான், தீக்குச்சி என்று வீட்டில் இருப்பது எதுவானாலும் சரி. பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையில், இதே ஜாக்கி-ஒன்பது குடும்பத்தைச் சேர்ந்த 304 ஆட்டத்தில் வெற்றி தோல்வியைக் கல்லாக எண்ணுவார்கள். வீட்டு ஆட்டத்துக்கு வீட்டிலேயே காய் செய்துகொள்வது நமக்குப் பழைய பழக்கம்தான். அண்மைக் காலத்தில் இதே மேசைக்கு வந்து சேர்ந்திருக்கும் புதிய விருந்தாளி போக்கர்.

டெக்சாஸ் ஹோல்டம் என்ற வகைதான் இன்று எங்கும் ஆடப்படுகிறது. ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், ஐந்து சீட்டு பொதுவாக நடுவில். இந்த ஏழிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்க்க வேண்டும். விதி சுலபம். ஆனால் ஒவ்வொரு முறை சீட்டு திறக்கும்போதும் பந்தயம் ஏறும், இறங்கும், பாதியில் ஒருவர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ‘ஆல்-இன்’ என்பார். பன்னிரண்டு புளியங்கொட்டை இதற்குத் தாங்காது. ஆளுக்கு இருபது, இருபத்தைந்து காய், அதுவும் நான்கு மதிப்புகளில் தேவை. அதனால் ஆன்லைனில் ஓர் அலுமினியப் பெட்டி வாங்கப்படுகிறது; அல்லது வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் சொந்தக்காரர் கொண்டுவருகிறார். உள்ளே 200, 300, 500 என்று வரிசையாகச் சிப்கள். விளிம்பில் பகடைப் படம். கையில் எடுத்தால் கனமாக இருக்கும். எண் மட்டும் இருக்காது.

தகராறு அங்கேதான் ஆரம்பம். “மச்சான், இந்த நீலம் அம்பதா, ஐநூறா?” என்ற கேள்வி ஒரு ராத்திரிக்குள் பத்துத் தடவை வரும். போன வாரம் நீலம் 50, இந்த வாரம் 500 என்று வைத்துக்கொண்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சிப்பைத் தனக்கென்று வடிவமைத்துக்கொள்ளும் ஆசை பெரும்பாலும் அலங்காரத்திலிருந்து பிறப்பதில்லை. இந்தக் குழப்பத்திலிருந்துதான் பிறக்கிறது.

கனம் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. பெட்டியோடு வரும் பகடைச் சிப் பெரும்பாலும் 11.5 கிராம், சில 14 கிராம். பிளாஸ்டிக்குக்கு உள்ளே ஓர் இரும்பு வில்லையை வைத்து வரவழைத்த கனம் அது. லாஸ் வேகஸ் சூதாட்டக் கூடங்களின் மேசையில் இருக்கும் களிமண் கலவைச் சிப் இதைவிட லேசு, ஏறக்குறைய 8.5 முதல் 10 கிராம்தான். குறுக்களவு 39 மில்லிமீட்டர், தடிமன் மூன்றேகால் மில்லிமீட்டரை ஒட்டி. களிமண் என்றாலும் சூளையில் சுட்டதல்ல. கலவையை வட்டமாக வெட்டி, ஓரத்தில் சில துண்டுகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு நிறத் துண்டுகளைப் பொருத்தி, நடுவில் படத்தை வைத்து, சூடான அச்சில் அழுத்தி எடுக்கிறார்கள். ஓரத்தில் தெரியும் அந்த நிறப் பட்டைகள் அழகுக்காக மட்டும் வந்தவை அல்ல. இருபது சிப்பை அடுக்கி வைத்தால் மேல்முகம் ஒன்றுதான் தெரியும். மற்ற பத்தொன்பதும் என்ன மதிப்பு என்று சொல்வது ஓரம்தான். கூரையில் இருக்கும் கேமராவுக்கும் அதுவே அடையாளம்.

தன் பெயர் பொறித்த காய் வேண்டும் என்ற ஆசைக்கு 200 வயதுக்கு மேல் ஆகிறது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் சீனாவின் கான்டன் துறைமுகத்திலிருந்து தேயிலையோடும் பட்டோடும் முத்துச்சிப்பி ஓட்டில் செதுக்கிய ஆட்டக் காய்களையும் இங்கிலாந்துக்கு ஏற்றிச் சென்றன. வசதியான குடும்பங்கள் தங்கள் குலச் சின்னத்தையோ பெயரின் முதலெழுத்துகளையோ வரைந்து கான்டனுக்கு அனுப்பும். அங்குள்ள சீனக் கைவினைஞர்கள் அதைப் பார்த்துச் செதுக்கித் திருப்பி அனுப்புவார்கள். வட்டம், நீள்சதுரம், மீன் என்று வடிவத்துக்கு ஒரு மதிப்பு. 1813இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் சீட்டாடிவிட்டுத் திரும்பும் லிடியா, எத்தனை மீன் தோற்றோம், எத்தனை மீன் ஜெயித்தோம் என்று வழியெல்லாம் அளந்துகொண்டு வருவது இந்தக் காய்களைப் பற்றித்தான். அமெரிக்காவில் போக்கர் பரவியபோது தங்கத் துகள், நாணயம், எலும்பு, தந்தம் எல்லாம் காயாக இருந்திருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் களிமண் கலவை அவற்றின் இடத்தைப் பிடித்தது.

இன்று ஒரு வீட்டுக் குழு தனக்கென்று சிப் செய்துகொள்ள மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, ஸ்டிக்கர். எண் இல்லாத சிப்பை வாங்கி, நடுவில் வட்ட வினைல் ஸ்டிக்கர் ஒட்டுவது. வினைல் ஸ்டிக்கர் வெட்டித் தரும் பிளெக்ஸ் கடை இன்று சின்ன ஊர்களிலும் இருப்பதால் இதுதான் மலிவு. கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: சிப்பின் நடுவில் ஸ்டிக்கர் உட்காரப் பள்ளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளம் இல்லாத சிப்பில் இரண்டு பக்கமும் 0.1 மில்லிமீட்டர் ஸ்டிக்கர் ஒட்டினால் இருபது சிப் அடுக்கின் உயரம் 4 மில்லிமீட்டர் கூடிவிடும். அது ஒரு சிப்பின் தடிமனைவிட அதிகம். போக்கரில் யாரும் சிப்பை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. ஓர் அடுக்கை எண்ணி, மற்றதைப் பக்கத்தில் வைத்து உயரம் பார்ப்பார்கள். ஒட்டியதும் ஒட்டாததும் கலந்தால் அந்தக் கணக்கு பிசகும்.

இரண்டாவது, முழு முகமும் ஓரமும் அச்சிட்ட செராமிக் சிப். பெயர்தான் செராமிக், பீங்கான் அல்ல. கடினமான பிளாஸ்டிக் கலவை. காபி மக்கில் போட்டோ போட்டுத் தருகிறார்களே, அதே சாய அச்சு முறைதான் இதற்கும். சூட்டில் சாயம் மேற்பரப்புக்குள் ஊறிவிடுவதால் உரிந்து வராது. எந்தப் படமும், எந்த எழுத்தும் சாத்தியம். தமிழ் எண்களைக்கூடப் போட்டுக்கொள்ளலாம். செலவு கூடும்; சிறிய எண்ணிக்கையில் அச்சிட்டால் ஒரு சிப்பின் விலை இன்னும் ஏறும்.

மூன்றாவது, மரம். லேசர் இயந்திரத்தில் வெட்டி, எண்ணைச் சுட்டுப் பொறிப்பது. இடுக்கி மலையில் மரத்துக்குப் பஞ்சமில்லை. தேக்கு வேலை நடக்கும் பட்டறையில் துண்டுகள் மூலையில் கிடக்கும். ஆனால் 39 மில்லிமீட்டர் அளவில் சிப் தடிமனுக்கு வெட்டிய தேக்கு வில்லை 3 கிராம்கூட வராது. மேசையில் போட்டால் ‘டக்’ என்ற சத்தம் கேட்காது. கனம் வேண்டாம் என்பவர்களுக்கு இது குறையே இல்லை. சிரட்டையில் செய்தால் என்ன என்று தோன்றும். சிரட்டை வளைவானது, அந்த அளவுக்கு வெட்டினால் தட்டையாக உட்காராது, நான்கைந்து அடுக்கியதும் சாயும். அடுக்கத் தேவையில்லாத ஐம்பத்தாறு ஆட்டத்துக்குச் சின்னச் சிரட்டை வில்லை நன்றாகவே பொருந்தும்.

மலைக்காட்டுக்கு இன்னொரு பிரச்சினை ஈரம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை துவைத்த துணி காயாத ஊரில், பேப்பர் ஸ்டிக்கர் ஒரு மழைக்காலம் தாங்காது, ஓரம் சுருளும். மரம் ஊதும், பூசணம் பிடிக்கும். வெட்டிய உடனே இரண்டு முகத்துக்கும் ஓரத்துக்கும் வார்னிஷ் அடிக்க வேண்டும். ஒரு முகத்துக்கு மட்டும் அடித்தால் மறுமுகம் ஈரத்தை இழுத்து வில்லை வளைந்துவிடும்.

பொருள் முடிவானதும் நிறம். அமெரிக்கக் கூடங்களில் வழக்கமாகிவிட்ட வரிசை ஒன்று உண்டு: வெள்ளை 1, சிவப்பு 5, பச்சை 25, கறுப்பு 100, ஊதா 500, மஞ்சள் 1000. கம்பம்மெட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் இந்த ஆறு நிறமும் கிடைத்துவிடும். காபி பூக்கும்போது செடி முழுக்க வெள்ளை, அது 1. அதே செடியின் பழுத்த பழம் சிவப்பு; அது 5. ஏலக்காய்ப் பச்சை 25. காய்ந்த மிளகு 100. மூணாறு பக்கத்து மலைகளில் 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி ஊதாவுக்குப் பொருந்தும், 500. பழுத்து வெடிக்கக் காத்திருக்கும் ஜாதிக்காயின் மஞ்சள் 1000. வெளியூரிலிருந்து வந்து உட்காரும் ஆள்கூட மிளகு நூறு, ஏலக்காய் இருபத்தைந்து என்று இரண்டு ஆட்டத்துக்குள் பிடித்துக்கொள்வார்.

படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எண் பெரிதாக இருக்க வேண்டும். எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் கறுப்பும் ஊதாவும் ஒன்றாகத் தெரியும். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாதவர்கள் ஆண்களில் கணிசமாக உண்டு; பலருக்குத் தங்களுக்கு அந்தக் குறை இருப்பதே தெரியாது. 5க்கும் 25க்கும் ஓரப்பட்டை எண்ணிக்கையை மாற்றிவிட்டால் — ஒன்றுக்கு மூன்று, மற்றதற்கு ஆறு — நிறம் தெரியாவிட்டாலும் அடுக்கைப் பார்த்துச் சொல்லிவிடலாம். எண்ணுக்கு முன்னால் ரூபாய்க் குறி போடாமல் இருப்பது நல்லது. வெறும் எண் என்றால் புள்ளியாகவும் வைத்துக்கொள்ளலாம், போட்டி ஆட்டத்துக்கும் பயன்படுத்தலாம்.

உண்மையான கூடத்தின் பெயரையோ சின்னத்தையோ நகல் எடுத்து அச்சிடுவதும் வேண்டாத வேலை. 2014 ஜனவரியில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் போர்கட்டா என்ற கூடத்தில் நடந்த போக்கர் போட்டிக்குள் ஒருவர் போலிச் சிப்களை நுழைத்தார். 5,000 மதிப்புள்ள 160 சிப்கள். கணக்குக்கு 8 லட்சம் போட்டிப் புள்ளி. மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் மிச்சமிருந்த போலிகளைத் தான் தங்கியிருந்த இன்னொரு ஓட்டலின் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டார். குழாய் அடைத்துக்கொண்டது. கீழ்த்தளத்தில் தண்ணீர் ஒழுக, பிளம்பர் வந்து குழாயைப் பிரித்தால் கொத்துக் கொத்தாகச் சிப். போட்டி பாதியில் நின்றது. ஆள் சிறைக்குப் போனார்.

நம் ஊரில் போலியைவிடப் பெரிய கேள்வி, காசு. மேசையில் சிப் இருப்பது குற்றமல்ல. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைத்தான் சட்டம் பார்க்கும். அதுவும் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இதை லாட்டரியில் கண்கூடாகப் பார்க்கலாம். கேரள அரசே 1967இல் லாட்டரித் துறையைத் தொடங்கி இன்றுவரை நடத்துகிறது. தமிழ்நாடு 2003இல் லாட்டரி விற்பனைக்குத் தடை போட்டது. எல்லையோரக் கடையில் வரிசையாகத் தொங்கும் சீட்டு, மலை இறங்கினால் விற்கக்கூடாத சரக்கு.

சீட்டாட்டத்தின் வழக்கு இன்னும் சிக்கல். செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் ரம்மி ஆடியவர்கள் மீதான வழக்கில், ரம்மி முதன்மையாகத் திறமையை நம்பிய ஆட்டம், மூணு சீட்டைப் போல வெறும் அதிர்ஷ்டம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னது. அதேசமயம் இடம் கொடுப்பவர் ஆட்டத்திலிருந்து லாபம் எடுத்தால் விஷயம் வேறு என்றும் கோடு கிழித்தது. கேரளத்தில் 1960ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமும், தமிழ்நாட்டில் 1930ஆம் ஆண்டுச் சட்டமும் நடைமுறையில் உள்ளன. போக்கருக்கு நாடு முழுவதும் ஒரே பதில் கிடையாது. மேற்கு வங்கச் சட்டம் போக்கரைப் பெயர் சொல்லியே சூதாட்டத்திலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. குஜராத் உயர் நீதிமன்றம் 2017இல் நேரெதிராக அதைச் சூதாட்டம் என்றது. ஆன்லைன் ரம்மியையும் போக்கரையும் தமிழ்நாடு 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தது. இரண்டும் திறனாட்டங்கள் என்று கூறிச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அதை நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் பண ஆட்டங்கள் அனைத்துக்கும் தடை கொண்டுவந்தது. பணமே வைக்காமல், தோற்றவர் எல்லோருக்கும் கட்டன் சாயா போட வேண்டும், ஜெயித்தவருக்குக் கப்பையும் மீன்குழம்பும் முதல் பந்தி என்று ஆடுபவர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

கடைசியாக எண்ணிக்கை. விளம்பரத்தில் வரும் 500 சிப் பெட்டியைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஆரம்பப் பந்தயம் 25, 50 என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு 5,000 புள்ளி தாராளம். அதற்கு 25இல் எட்டு, 100இல் எட்டு, 500இல் நான்கு, 1000இல் இரண்டு — மொத்தம் 22 சிப். ஆறு பேருக்கு 132. ஒன்பது பேர் வந்தாலும் 198தான். 1, 5 இரண்டையும் முதல் ஆர்டரில் விட்டுவிடலாம். சின்னப் புள்ளிக்கு ஆடும் குழுவுக்கு மட்டுமே அவை தேவை. சின்ன மதிப்புகளுக்கு இடையே நான்கு அல்லது ஐந்து மடங்கு இடைவெளி இருந்தால் சில்லறை மாற்றுவது சுலபம். 25க்கும் 100க்கும் நடுவில் 50 என்று ஒரு நிறத்தை நுழைத்தால் எண்ணும் வேலைதான் கூடும். பந்தயம் ஏற ஏற 25க்கு வேலை இல்லாமல் போகும். அப்போது நான்கு ஏலக்காயை வாங்கிக்கொண்டு ஒரு மிளகு கொடுத்து, பச்சையைப் பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள்.

அச்சுக்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு நிறத்திலும் ஐந்தாறு கூடுதலாகச் சொல்லிவைப்பது புத்திசாலித்தனம். சோபா இடுக்கில் போனது, குழந்தை எடுத்து விளையாடியது, பலகை இடுக்கு வழியாகக் கீழே விழுந்தது என்று வருஷத்துக்கு ஒன்றிரண்டு குறையும். அடுத்த தடவை அச்சிடும்போது அதே பச்சை அப்படியே வருமென்று சொல்ல முடியாது. இவற்றோடு எண்ணே போடாத வில்லை ஒரு பத்து வாங்கி வைத்துக்கொண்டால், மூன்றாவது வருஷம் குழு பெரிதாகி 5,000 மதிப்பில் ஒரு சிப் தேவைப்படும்போது, பிளெக்ஸ் கடைக்குப் போய் ஒரு கிராம்புப் படம் ஒட்டிக்கொண்டு வந்தால் போதும்.